வழித்தடக் கோடு மறைந்த பின்: விமானிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயணிகள் விமானத்தின் வழித்தடத்தைக் கணித்து அதன்வழி நடத்தும் பயண மேலாண்மைக் கணினிகள் இரண்டும் ஒருசேர முடங்குவது அரிது. ஆனால் நடக்கவே நடக்காது என்று சொல்வதற்கில்லை. இரண்டிலும் இருப்பது ஒரே தரவுத்தளம், ஒரே வழித்தடம் என்பதால், ஒன்றைத் தடுமாறச் செய்த தரவு மற்றொன்றையும் கவிழ்த்துவிடக்கூடும். அப்போது திரையிலிருந்த வழித்தடக் கோடு மறைந்துவிடும். ஆனால் உயரமானி, வேகமானி, திசைகாட்டி, எரிபொருள்மானி ஆகியவை வழக்கம்போல் இயங்கும். இத்தகைய நேரத்தில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, கருவி போதாமையால் அல்ல, கணினியை உடனே உயிர்ப்பித்துவிட வேண்டும் என்ற அவசரத்தால் விளைபவை.

அவற்றில் முதலாவது, இரு விமானிகளும் ஒரே நேரத்தில் குனிந்து பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருப்பது. 1972 டிசம்பர் 29 அன்று மியாமி அருகே ஈஸ்டர்ன் 401 விமானத்தில், முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை என்று விமானி அறையிலிருந்த அனைவரும் அதிலேயே கவனம் செலுத்தியிருந்தபோது, விமானம் மெல்ல உயரம் இழந்து எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. ஒருவர் விமானத்தை ஓட்ட, மற்றவர் மட்டுமே பழுதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தவறு கண்ணுக்குத் தெரியாதது: கணினி நின்ற கணத்தில் விமானம் எங்கே இருந்தது என்பதைக் குறித்து வைக்காதது. அந்த இடம் அப்போது துல்லியமாகத் தெரியும். ஒவ்வொரு நிமிடமும் அந்த உறுதி தேய்ந்துகொண்டே போகும். 480 நாட் (மணிக்கு 480 கடல் மைல்) வேகத்தில் பறக்கும் விமானம் நிமிடத்துக்கு 8 கடல் மைல் கடக்கிறது. ஐந்து நிமிடம் தயங்கினால் 40 கடல் மைல். ஆகவே நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, போகும் திசை ஆகிய நான்கையும் அச்சிட்ட பயணத் திட்டத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதிவிட வேண்டும். விமானத்தின் அசைவுகளை அளந்தே இருப்பிடத்தைக் கணிக்கும் நிலைமக் கருவிகள் பல விமானங்களில் கணினியின் துணையின்றியே இருப்பிடத்தைக் காட்டும். அந்த எண்களைத் தாளில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது, விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் என்ன செய்கிறது என்பதைப் பாராமல் நம்புவது. வழித்தடம் இல்லாதபோது அது ஒரு திசையை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். காற்று விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளுவதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. 480 நாட் வேகத்தில், பக்கவாட்டிலிருந்து 100 நாட் காற்று வீசினால், ஏறத்தாழ 12 பாகை காற்றை நோக்கித் திரும்பிப் பறந்தால்தான் கோட்டில் இருக்க முடியும். 1983 செப்டம்பர் 1 அன்று கொரியன் ஏர் லைன்ஸ் 007 விமானம் சோவியத் வான்வெளிக்குள் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தனர். ஆட்டோபைலட் வழித்தடத்தைப் பின்பற்றாமல் ஒரே காந்தத் திசையைப் பிடித்துப் பறந்துகொண்டிருந்ததையும் விமானிகள் அதைக் கவனிக்கவில்லை என்பதையும் பின்னர் நடந்த விசாரணை காட்டியது.

எண்களைக் கையால் உள்ளிடும்போது நேரும் பிழைக்கு இதைவிடக் கசப்பான உதாரணம் உண்டு. 1989 செப்டம்பர் 3 அன்று பிரேசிலின் மராபாவிலிருந்து பெலேமுக்குப் புறப்பட்ட வாரிக் 254 விமானத்தின் திட்டத்தில் திசை 0270 என்று அச்சிடப்பட்டிருந்தது. அதன் பொருள் 27.0 பாகை. விமானி 270 என்று படித்தார். துணை விமானி தன் தாளைப் பார்க்காமல் அதையே தன் பக்கத்திலும் வைத்தார். வடகிழக்கே போக வேண்டிய விமானம் மாலைச் சூரியனை நேரெதிரே வைத்துக்கொண்டு மேற்கே பறந்து, எரிபொருள் தீர்ந்து அமேசான் காட்டில் இறங்கியது. இருவரும் தனித்தனியே படித்து வைப்பதும், சன்னல் வழியே ஒரு முறை பார்ப்பதும் செலவில்லாத சோதனைகள்.

தரைநிலைய வானொலிக் கருவிகளுக்குத் திரும்பும்போது, அலைவரிசையை வைத்ததும் முள் அசைகிறதே என்று திருப்தியடையக் கூடாது. ஒரே அலைவரிசை தொலைவிலுள்ள வேறு நிலையத்துக்கும் இருக்கலாம். ஒவ்வொரு நிலையமும் தன் பெயரெழுத்துகளாக அனுப்பும் மோர்ஸ் அடையாள ஒலியைக் கேட்டு உறுதிசெய்த பிறகே அதை நம்ப வேண்டும். தொலைவு காட்டும் கருவி, தரைவழித் தொலைவை அல்லாமல் விமானத்திலிருந்து நிலையத்துக்கு நேர்கோட்டில் உள்ள சாய்வுத் தொலைவையே தரும் என்பதால், 36,000 அடி உயரத்தில் நிலையத்துக்கு நேர் மேலே இருக்கும்போதும் ஏறத்தாழ 6 கடல் மைல் என்றே காட்டும்.

கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிக்கத் தயங்குவதும் தவறே. அவர்கள் சொல்லும் இடத்துக்கு நேராகப் போக இயலாது, ரேடார் வழிகாட்டல் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். கீழிறங்கும் கணக்கும் இனி மனக்கணக்கே: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். அதாவது 35,000 அடியிலிருந்து 105 கடல் மைல். வேகம் குறைக்க இன்னும் பத்து. பின்காற்று இருந்தால் இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும். தரையிறங்கும் வேகத்தை அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டும்.

கணினியை மீட்கும் முயற்சி இவற்றுக்குப் பின்னர்தான், அதுவும் கையேட்டின் வரிசைப்படிதான். மின்சுற்றுத் துண்டிப்பான்களை மனம்போல் இழுத்துப் பார்ப்பது புதிய பழுதுகளை வரவழைக்கும். உயிர்பெற்ற கணினியில் பழைய வழித்தடத்தை அப்படியே ஏற்றினால் அதே தரவால் மீண்டும் விழலாம். அது காட்டும் இருப்பிடம் தாளில் குறித்து வந்த இருப்பிடத்தோடும் வானொலி நிலையத் தொலைவோடும் ஒத்துப்போகாத வரை ஆட்டோபைலட்டை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது.