"இது தப்பு" என்று மட்டும் வரும் புகார்கள்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போல ஊர் கூடி வரையும் வரைபடத்தில், பிழையைக் கண்டவர் அந்த இடத்தைக் குறித்து இரண்டு வரி எழுதிவிட்டுப் போகலாம். 'குறிப்பு' என்ற இந்த வசதி அந்தத் தளத்தில் 2013 முதல் இருக்கிறது. ஆனால் வருகிற குறிப்புகள் பலவற்றில் "இது தப்பு" என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. எது தப்பு? சாலையா, பெயரா, அங்கே இருந்த கடையா?

எழுதியவரைத் திட்டிப் பயனில்லை. புகார் வாங்கும் கருவியைச் செய்பவர்கள் காலிப் பெட்டியை மட்டும் நீட்டினால் அப்படித்தான் வரும். சாலை மூடியிருக்கிறதா, பெயர் மாறிவிட்டதா, இப்போது இல்லாத இடமா என்று நாலைந்து தேர்வுகளைக் கொடுத்துவிட்டு, அதற்கேற்ற ஒரே ஒரு கேள்வியை அடுத்துக் கேளுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, இந்த வரைபடத்தைக் காட்டும் செயலிக்கு ஏற்கெனவே தெரிந்ததைப் புகாரோடு அனுப்பாமல் விடுவது. இணையமில்லாமல் இயங்கும் செயலிகளில் இருப்பது பெரும்பாலும் பழைய தரவு. சில வாரங்களுக்கு முன்பே யாரோ திருத்திய பிழைக்கு இன்று புகார் வரும். தரவின் தேதி கூடவே வந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை அது. வழிகாட்டல் புகார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. "சுற்றி அனுப்புகிறது" என்ற குறிப்பு போய்ச் சேர வேண்டிய இடத்தில் குத்தப்பட்டிருக்கும். உண்மையான பிழையோ இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஒன்றோடொன்று இணையாத இரு சாலைக் கோடுகளில் இருக்கும். பயனரின் சம்மதத்தோடு செயலி காட்டிய வழித்தடத்தையும் சேர்த்து அனுப்பாவிட்டால், இதைக் கண்டுபிடிப்பது குருட்டாம்போக்குதான்.

சரி, கணக்கு தொடங்கினால்தான் புகார் என்று கட்டாயப்படுத்தலாமா? வேண்டாம், பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். ஆனால் பெயரில்லாமல் எழுதியவரிடம் திருப்பிக் கேட்க முடியாது என்பதைக் கருவி முன்கூட்டியே சொல்ல வேண்டும். குறிப்பு எல்லோர் கண்ணிலும் படும் என்பதையும்தான். வாடிக்கையாளர் சேவை என்று நினைத்துத் தொலைபேசி எண்ணை எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

ஆஸ்மோஸ் போன்ற தானியங்கிச் சோதனைக் கருவிகள் வேறு வகை. அவை விதிகளை வைத்துச் சந்தேகத்தைக் கிளப்புகின்றன, அவ்வளவுதான். அதைச் சிவப்பில் 'பிழை' என்று காட்டினால், எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, நடுவில் சுவர் இருக்கும் இரண்டு தெருக்களை இணைத்துவிடுவார். 'சரிபார்க்கவும்' என்று எழுதுங்கள். 'இது பிழையில்லை' என்று ஒருவர் சொன்னதைக் கருவி நினைவில் வைத்திருக்கட்டும். இல்லையென்றால் அடுத்த வாரம் இன்னொருவர் அதே சுவரை உடைப்பார். எத்தனை புகாரை யார் முடித்தார்கள் என்ற தரவரிசைப் பட்டியல் என் கணக்கில் இந்த அவசரத்தை இன்னும் கூட்டத்தான் செய்யும்.

அப்புறம், புகாரைச் சத்தமில்லாமல் மூடுவது. திருத்தியாயிற்று என்று மட்டும் சொன்னாலும் போதாது. புகார் எழுதியவர் செயலியைத் திறந்து பார்ப்பார், பழைய தெருவே தெரியும், மறுபடி "இது தப்பு" என்று எழுதுவார். "திருத்திவிட்டோம், உங்கள் செயலியின் தரவை அடுத்த முறை புதுப்பிக்கும்போது தெரியும்" என்ற வாசகத்தைக் கருவியே சேர்த்து அனுப்பலாம்.