தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர்: கேட்பது முதல் பழகுவது வரை

பதில் தெரிந்திருந்தும் அதைத் தாளில் இறக்க முடியாமல் மதிப்பெண்ணை இழக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஒருவருக்குக் கை இறுகிக்கொள்ளும். ஒருவருக்கு வினாத்தாளின் எழுத்து தெரியாது. ஒருவருக்கு வரி தாவும். இன்னொருவருக்குப் பக்கத்து மேசையில் யாராவது பேனாவைத் தட்டினாலே கவனம் போய்விடும்.

இவர்களுக்காகக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், பெரிய எழுத்து வினாத்தாள், தனி அறை என்று பல ஏற்பாடுகள் இருக்கின்றன. ஐ.நா. பொதுச்சபை 2006-ல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு, கல்வியில் ஒவ்வொருவரின் தேவைக்கும் ஏற்ற நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்று சொல்கிறது. ஆகவே கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். எதைக் கேட்பது, எப்போது கேட்பது, கிடைத்ததை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் பெற்றோரும் புதிய ஆசிரியர்களும் திணறுகிறார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. சான்றிதழில் இருக்கும் குறைபாட்டின் பெயரைப் பார்த்து வசதியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிள்ளை எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். டிஸ்லெக்சியா, அதாவது படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு, உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கேள்வியைப் படித்துக்காட்டினாலே போதும். மற்றவருக்குப் படிப்பது ஓரளவு வரும், எழுதுவதுதான் பெரும்பாடு. இருவருக்கும் ஒரே ஏற்பாட்டைச் செய்தால் ஒருவருக்கு அது வீண்.

படி 1: எங்கே தடை என்று கண்டுபிடியுங்கள்

ஒரே பாடத்திலிருந்து, ஒரே அளவு கடினமான கேள்விகளாக நான்கு சின்னத் தாள்கள் தயார் செய்யுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் வைக்காமல், நான்கு நாட்களில் வையுங்கள்.

1. பிள்ளை தானே படித்து, தானே எழுதட்டும். நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.
2. நீங்கள் கேள்வியைப் படித்துக்காட்டுங்கள், பிள்ளை எழுதட்டும்.
3. பிள்ளை தானே படித்து, பதிலை வாயால் சொல்லட்டும்.
4. முதல் தாளைப் போலவேதான், ஆனால் நேரக் கட்டுப்பாடு இல்லாமல்.

இரண்டாவது தாளில் மதிப்பெண் ஏறினால் தடை படிப்பதில் இருக்கிறது. மூன்றாவதில் ஏறினால் எழுதுவதில். நான்காவதில் மட்டும் ஏறினால் நேரம்தான் பிரச்சினை. நான்கிலும் ஒரே மாதிரி இருந்தால் பாடம் இன்னும் பதியவில்லை என்று பொருள். அதற்குத் தேர்வறை வசதி மருந்தாகாது, திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இன்னொரு எளிய வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் அப்போது எழுதி முடித்த வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளைப் பாருங்கள். முதல் கோட்டுக்கு மேலே 12 வரிகள், மூன்றாவது கோட்டுக்கும் நான்காவது கோட்டுக்கும் நடுவே வெறும் 4 வரிகள், அதுவும் கோணலும் மாணலுமாக இருந்தால், களைப்புதான் தடை. அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்தால் இன்னும் ஒரு மணி நேரம் வலிதான் கிடைக்கும். நடுநடுவே இடைவேளையோ, எழுதித் தர ஒருவரோதான் அங்கே உதவும். இந்தத் தாள்களை எறிந்துவிடாதீர்கள், விண்ணப்பிக்கும்போது கைகொடுக்கும்.

படி 2: தடைக்கு ஏற்ற வசதியைத் தேர்ந்தெடுங்கள்

பார்வை குறைவாக உள்ளவர்களுக்குப் பெரிய எழுத்து வினாத்தாள். பொதுவாகக் கணினியில் 18 புள்ளி (பாயிண்ட்) எழுத்து அளவுதான் பெரிய எழுத்து என்று கொள்ளப்படுகிறது. சிலருக்கு 24 வேண்டியிருக்கும். சாதாரண வினாத்தாளை ஜெராக்ஸில் பெரிதாக்கிக் கொடுத்தால் போதாது. எழுத்து மங்கிவிடும், தாள் மேசையை அடைத்துக்கொள்ளும். இதைவிட மோசம் கணக்குப் படங்கள்: 5 சென்டிமீட்டர் கோடு பெரிதானபின் 7 சென்டிமீட்டராகிவிடும். "அளந்து எழுதுக" என்ற கேள்விக்குச் சரியாக அளந்த பிள்ளையின் விடை தவறாகிவிடும். ஆகவே பெரிய எழுத்தில் புதிதாக அச்சிட்ட தாள்தான் வேண்டும் என்று கேளுங்கள்.

பார்வை இல்லாதவர்களுக்குப் பிரெயில் தாள், தொட்டு உணரும் படங்கள், அல்லது கணினியும், திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பு மென்பொருளும். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழையும் படிக்கும். கேட்க இயந்திரத்தனமாக இருக்கும், ஆனால் பழகியவர்கள் அதை அசாத்திய வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்கள். பிரெயிலில் ஒரு பக்கத்தைக் கண்ணோட்டமாக மேய முடியாது, விரல் ஒவ்வொரு எழுத்தாகத்தான் போக வேண்டும். அதனால் பிரெயிலோடு கூடுதல் நேரமும் சேர்ந்தே வர வேண்டும்.

காது கேளாதவர்களின் தேவையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், கண் தெரிகிறது, கை எழுதுகிறது, பிறகென்ன என்று. அறையில் வாயால் சொல்லப்படும் எல்லாமே அவர்களுக்குத் தவறிப்போகிறது: "மூன்றாம் கேள்வியில் ஒரு திருத்தம்", "இன்னும் பத்து நிமிடம்". அறிவிப்புகளை எழுதிக் காட்டவோ, சைகை மொழியில் சொல்லவோ ஒருவர் வேண்டும். கேட்டு எழுதும் பகுதி இருந்தால் அதற்கு மாற்று ஏற்பாட்டையும் முன்பே கேட்க வேண்டும்.

கவனக் குறைபாடு, ஆட்டிசம், கடும் பதற்றம் உள்ளவர்களுக்குத் தனி அறை அல்லது ஆட்கள் குறைந்த அறை. நீரிழிவு, வலிப்பு, தீராத வலி உள்ளவர்களுக்குக் கடிகாரத்தை நிறுத்தி வைக்கும் இடைவேளை. சர்க்கரை அளவைப் பார்க்கப் போன ஏழு நிமிடம் தேர்வு நேரத்தில் கழியக் கூடாது. நிறக்குருடு உள்ளவர்களுக்கு வரைபடத்தின் வண்ணங்களுக்குப் பதில் கோடுகளும் புள்ளிகளும்.

கூடுதல் நேரம் எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். இந்திய மத்திய அரசின் வழிகாட்டுதலில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது. இங்கிலாந்தின் பொதுத்தேர்வுகளில் பெரும்பாலும் 25 சதவீதம். அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்ஏடி தேர்வில் 50 சதவீதமும் உண்டு, 100 சதவீதமும் உண்டு. உங்கள் தேர்வை நடத்துபவர்களின் விதிமுறையை நேரடியாக வாங்கிப் படித்துவிடுங்கள்.

தேர்வு எந்தத் திறனை அளக்கிறதோ, அதையே இன்னொருவர் செய்துகொடுக்க அனுமதிக்க மாட்டார்கள். வாசிப்புத் திறனைச் சோதிக்கும் பகுதியில் இன்னொருவர் வாசித்துக்காட்டக் கேட்டால் மறுப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. அறிவியல் தேர்வின் கேள்வியை வாசித்துக்காட்ட மறுத்தால் அது நியாயமில்லை. அங்கே அளக்கப்படுவது அறிவியல்.

படி 3: எழுத்தில் கேளுங்கள், சீக்கிரம் கேளுங்கள்

கல்வியாண்டு தொடங்கியதுமே விண்ணப்பத்தைக் கொடுங்கள். ஹால் டிக்கெட் வந்தபிறகு கேட்டால் பெரும்பாலும் கதவு மூடியிருக்கும். "சலுகை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று பொதுவாக எழுதாமல் இப்படி எழுதுங்கள்:

"என் மகள் தொடர்ந்து 15 நிமிடம் எழுதினால் விரல்கள் இறுகிவிடுகின்றன. அதன்பின் எழுத்தைப் படிக்க முடிவதில்லை. இந்த ஆண்டின் வகுப்புத் தேர்வுகளைச் சொல்வதை எழுதுபவரின் துணையோடு எழுதி வருகிறாள். இறுதித் தேர்விலும் சொல்வதை எழுதுபவர், அவருடன் பேசத் தனி அறை, கூடுதல் நேரம் ஆகிய மூன்றும் தேவை. மருத்துவச் சான்றையும் இரண்டு விடைத்தாள்களின் நகலையும் இணைத்துள்ளேன்."

மருத்துவரிடமும் இதையே சொல்லுங்கள். குறைபாட்டின் பெயரும் சதவீதமும் மட்டும் உள்ள சான்றைவிட, "எழுதும் வேகம் குறைவு, சொல்வதை எழுதுபவர் தேவை" என்று ஒரு வரி சேர்ந்த சான்று பல மடங்கு உதவும். அனுமதியை எழுத்தில் வாங்கி, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: சொல்வதை எழுதுபவரோடு பழகுங்கள்

அனுமதி கிடைத்ததும் வேலை முடிந்தது என்று பல வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள். வாயால் சொல்லி எழுதவைப்பது தனித் திறமை, பெரியவர்களுக்கே உடனே வராது. தேர்வு நாளில் முதன்முதலாகச் சந்திக்கும் இரண்டு பேர் அதைச் செய்ய நேர்வது பெரிய கொடுமை. வாரத்துக்கு ஒரு முறையாவது, முடிந்தால் அதே நபரோடு, இல்லாவிட்டால் வேறு வேறு ஆட்களோடு பயிற்சி எடுக்க வேண்டும். விதிமுறைப்படி எழுதுபவரைத் தேர்வு நடத்துபவர்களே அனுப்புவார்கள் என்றால், பலரோடு பழகுவதுதான் நல்லது.

முதலில் நான்கு சொற்களை முடிவு செய்துகொள்ளுங்கள். "எழுதுங்க", "நிறுத்துங்க", "திருப்பிப் படிங்க", "அதை அடிச்சிடுங்க". மாணவி யோசித்துக்கொண்டே முணுமுணுப்பதும் விடைதான் என்று எழுதுபவர் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும். "எழுதுங்க அக்கா" என்று சொன்னபிறகு வருவதுதான் விடை என்று இருவருக்கும் தெளிவாகிவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அப்புறம், எழுதுபவர் சொன்னதை மட்டுமே எழுத வேண்டும். விளக்கக் கூடாது, திருத்தக் கூடாது, முகத்தைக்கூடக் காட்டக் கூடாது. நான்கு விடைகளில் ஒன்றைச் சொன்னதும் புருவம் உயர்ந்தால் அதுவே துப்பு கொடுத்த மாதிரி. நல்ல மனசோடு செய்தாலும் மாணவியின் தேர்வே ரத்தாகும் ஆபத்து அதில் இருக்கிறது.

கணக்கு சொல்லிப் பழகாவிட்டால் சிக்கல் நிச்சயம். "இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று வகுத்தல் எக்ஸ் கழித்தல் ஒன்று" என்று மாணவி சொல்கிறாள். அவள் மனதில் இருப்பது ஒரு முழுப் பின்னம். எழுதுபவரோ மூன்றின் கீழே மட்டும் எக்ஸைப் போட்டு, "கழித்தல் ஒன்று" என்பதை வெளியே எழுதிவிடுகிறார். எக்ஸின் மதிப்பு 4 என்றால் அவள் நினைத்தது 11/3, தாளில் இருப்பது 7.75. இதைத் தடுக்க இப்படிச் சொல்லிப் பழகட்டும்: "பின்னம் ஆரம்பம். மேலே, இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று. கீழே, எக்ஸ் கழித்தல் ஒன்று. பின்னம் முடிஞ்சது." அடைப்புக்குறி, வர்க்கமூலம், அடுக்கு எல்லாவற்றுக்கும் இதே ஆரம்பம், முடிவு. படங்களுக்குக் கடிகார முள்ளை வைத்துத் திசை சொல்லலாம்: "நடுவில் வட்டம். பன்னிரண்டு மணிப் பக்கம் ஒரு கோடு, அதன் நுனியில் பெயர்."

தமிழ்த் தேர்வில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்றால், எழுத்தை மாணவிதான் சொல்ல வேண்டும் என்ற விதி இருக்கக்கூடும். எல்லாச் சொல்லுக்கும் வேண்டியதில்லை. குழப்பம் வரும் இடத்தில் "சிறப்பு ழகரம்", "மூணு சுழி ண", "வல்லின ற", "இங்கே க் வரும்" என்று சொல்லும் பழக்கம் இருந்தால் போதும்.

நீண்ட விடைக்கு முன் மூன்று நான்கு குறிப்புச் சொற்களைத் தனித்தாளில் எழுதவைக்கலாம். தாளைத் தன் கண்ணால் பார்க்க முடியாத பிள்ளைக்குத் தான் எதுவரை வந்தோம் என்பது மறந்துபோகும். பத்தி முடிந்ததும் கடைசி வரியைப் படிக்கச் சொல்ல வேண்டும்.

படி 5: கூடுதல் நேரத்தையும் ஒத்திகை பாருங்கள்

மூன்று மணி நேரத் தேர்வு, மணிக்கு 20 நிமிடம் கூடுதல் என்றால் மொத்தம் நான்கு மணி நேரம். அவ்வளவு நேரம் உட்கார உடம்பு பழகியிருக்க வேண்டும். முழு நேரத்துக்கும் இரண்டு மூன்று மாதிரித் தேர்வுகளாவது வையுங்கள். கூடுதல் நேரம் எதற்கு என்று முன்பே பிரித்துவிடுங்கள்: இவ்வளவு கேள்வியைப் படிக்க, இவ்வளவு கடைசியில் சரிபார்க்க. பிரிக்காமல் விட்டால் முதல் இரண்டு கேள்விகளே எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

படி 6: தேர்வுக்கு முந்தைய வாரமும் தேர்வு நாளும்

தேர்வு மையத்தை ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். சக்கர நாற்காலி அறைக்குள் நுழைகிறதா, மேசைக்கு அடியில் கால் போகிறதா, கழிப்பறைக்குப் படி ஏற வேண்டுமா? கணினி கொண்டுபோவதாக இருந்தால் மின்சார இணைப்பு மேசைக்கு எட்டுகிறதா என்பதையும் பாருங்கள்.

அனுமதிக் கடிதத்தின் இரண்டு நகல்கள் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். கண்காணிப்பாளருக்கு விஷயம் தெரியாமல் இருப்பது சகஜம். அப்போது வாதாடாமல், "ஐயா, இதில் அனுமதி இருக்கிறது, பாருங்கள்" என்று தாளை நீட்டிச் சொல்ல வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். எந்த நேரத்தில் தொடங்கியது, எப்போது முடிய வேண்டும் என்பதை வெள்ளைத்தாளின் மூலையில் குறிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் எழுந்து போகும் சத்தத்தில் தன் நேரமும் முடிந்துவிட்டதாகப் பயந்து எழுந்துவிடும் பிள்ளைகள் உண்டு.

விண்ணப்பத்தை மறுத்துவிட்டால்

மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் காரணம் சின்னதாக இருக்கும்: சான்று பழையது, தேவையை விளக்கவில்லை, வகுப்பில் இந்த வசதியைப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை. படி 1-ல் எடுத்துவைத்த சிவப்புக் கோட்டுத் தாள்களையும், வசதியோடு எழுதியவை, வசதியின்றி எழுதியவை என இரண்டு வகை விடைத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேல்முறையீடு செய்யுங்கள். கேட்டது முழுவதும் கிடைக்காவிட்டாலும், ஒன்றிரண்டு கிடைத்தால் அதை வாங்கிக்கொண்டு மீதிக்குத் தொடர்ந்து எழுதுங்கள். ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் எந்த வசதி உதவியது, எது தேவைப்படவே இல்லை என்று பிள்ளையிடம் கேட்டுக் குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டின் விண்ணப்பத்தை அந்தக் குறிப்பிலிருந்து தொடங்கலாம்.