ஒயினரி தோட்டத்துல பண்ற நல்ல வேலையை நியூஸ்லெட்டர்ல எப்படி எழுதுறது

நான் கோயம்புத்தூர்ல உக்காந்துகிட்டு கலிஃபோர்னியாவுல லோடைங்குற ஊர்ல இருக்குற ஒரு குடும்ப ஒயினரிக்கு நியூஸ்லெட்டர் எழுதித் தர்றேன், ஜின்ஃபண்டெல் திராட்சைக்குப் பேர் போன ஊரு அது. இதே மாதிரி க்ளையன்ட் கிடைச்சவங்க அடிக்கடி கேக்குறது, மண்ணு தண்ணியைக் காப்பாத்த ஒயினரிக்காரங்க பண்றதை எல்லாம் எழுதுனா கஸ்டமர் படிப்பாங்களான்னு. நல்லாவே படிக்கிறாங்க. ஆனா பொத்தாம்பொதுவா எழுதுனா உடனே புடிச்சிருவாங்க.

நான் பட்டதையே சொல்றேன். மொத மெயில்ல ஒரு பச்சை இலை படம் போட்டு "நாங்க பூமியை நேசிக்கிறோம், எங்க ஒயின் சுற்றுச்சூழலுக்கு உகந்தது"ன்னு எழுதி அனுப்பிட்டேன். ரெண்டு நாள்ல ஒயின் கிளப் மெம்பர் ஒரு அம்மாகிட்ட இருந்து ரிப்ளை, உங்க காலி பாட்டிலை கிச்சன் தராசுல வெச்சேன், 870 கிராம் இருக்கு, உள்ள இருந்த ஒயினை விட பாட்டில் வெயிட் அதிகம், இதுக்கு என்ன சொல்றீங்கன்னு. ஓனரைக் கேட்டா அவருக்கே வெயிட் தெரியல. அவங்க கேட்டது ரொம்ப நியாயம், நிறைய ஒயினரிங்களோட கார்பன் கணக்குல கண்ணாடி பாட்டில்தான் பெரிய பங்கு, அதனாலதான் 2023ல சஸ்டைனபிள் ஒயின் ரவுண்ட்டேபிள்ங்குற அமைப்பு மூலமா பெரிய கடைக்காரங்க எல்லாம் சேந்து, 750 மில்லி பாட்டிலோட சராசரி வெயிட்டை 550 கிராம்ல இருந்து 2026 முடியறதுக்குள்ள 420க்கு கீழ கொண்டு வர்றதா ஒத்துக்கிட்டாங்க. அடுத்த மெயில்ல மழுப்பாம எழுதுனோம், ஆமா 870 கிராம்தான், வாங்கி வெச்ச பாட்டில் தீர்ந்ததும் எந்த ஒயினை லேசான பாட்டிலுக்கு மாத்தப் போறோம், எதை இப்போதைக்கு மாத்தலன்னு. அதுவரைக்கும் அனுப்புன எந்த மெயிலுக்கும் அவ்ளோ ரிப்ளை வந்ததில்ல.

அதனால எழுத உக்கார்றதுக்கு முன்னாடி ஓனரை விட தோட்டத்தைப் பாத்துக்குற மேனேஜருக்கு ஃபோன் போடுங்க. இந்த மாசம் கையால என்ன வேலை பண்ணீங்க, எத்தனை ஏக்கர்ல, போன வருஷம் எப்படி பண்ணீங்க, எது சரியா வரல, இந்த நாலு கேள்வி போதும்.

ஒரு தடவை தண்ணி பத்தி கேட்டேன். சொட்டுநீர் போட்டிருக்கோம்னு ஒரு வரியில முடிச்சிருவாருன்னு பாத்தா, அவர் இலையைப் பத்தி பேச ஆரம்பிச்சாரு. உச்சி வெயில்ல ஒரு இலையைப் பறிச்சு, காம்பு மட்டும் வெளிய தெரியற மாதிரி ப்ரஷர் சேம்பர்னு ஒரு சின்ன டப்பாவுக்குள்ள வெச்சு, காத்தழுத்தத்தை ஏத்திகிட்டே போவாங்களாம், வெட்டுன காம்பு முனையில ஈரம் கசியற நேரத்துல அழுத்தம் எவ்வளவுன்னு பாப்பாங்க. அழுத்தம் ஜாஸ்தி தேவைப்பட்டா செடி தாகத்துல இருக்குன்னு அர்த்தம், குறைச்சலா இருந்தா அன்னைக்கு தண்ணி விட மாட்டாங்க. "நாங்கள் நீரைச் சேமிக்கிறோம்"ங்குறதை தூக்கிட்டு இதை அப்படியே எழுதுனேன், அவர் ஃபோன்ல எடுத்த மங்கலான காம்பு ஃபோட்டோவோட. சப்ஜெக்ட் லைன் "இலையைக் கேட்டுட்டுத்தான் தண்ணி விடுறோம்". எங்கள் பசுமைப் பயணம்னு போட்டிருந்தா யாரும் திறந்தே பாத்திருக்க மாட்டாங்க.

விஷயத்துக்குப் பஞ்சமே இல்ல, தோட்டத்தோட காலண்டரைப் புடிச்சுகிட்டா போதும். குளிர்காலத்துல வரிசைக்கு நடுவுல கடுகு, பயறு வகை எல்லாம் விதைப்பாங்க, நம்ம ஊர்ல தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழற பசுந்தாள் உரம் மாதிரிதான். மார்ச் வாக்குல கொடி துளிர் விடுறதுக்கு முன்னாடி செம்மறி ஆடு விட்டு களையை மேய விடுறவங்க உண்டு, கிடை போட்ட நிலம் பாத்தவங்களுக்கு அதோட அருமை சொல்லவே வேணாம். வேரைக் கடிக்குற கோஃபர்ங்குற எலி மாதிரி பிராணியைப் புடிச்சுத் தின்ன கூகை வரட்டும்னு, அது தங்கறதுக்குப் பெட்டி வெப்பாங்க. ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும் அறுவடை, அப்புறம் பிழிஞ்ச சக்கை கம்போஸ்ட்டா மாறி மறுபடி தோட்டத்துக்கே போகும். ஒரு மெயிலுக்கு ஒரு விஷயம், 200 வார்த்தைக்குள்ள. கூகைப் பெட்டி இந்த வருஷம் காலியா கெடந்தா அதையும் எழுதுங்க.

சர்டிஃபிகேட் இருந்தா லோகோவை மட்டும் ஒட்டிட்டு போயிடாதீங்க. லோடை ரூல்ஸ்ங்குற தோட்டத்துக்கான சர்டிஃபிகேட் 2005ல இருந்து இருக்கு, வெளியாள் வந்து ஆடிட் பண்ணித்தான் குடுப்பாங்க, மண்ணு, தண்ணி, பூச்சி மட்டும் இல்ல, வேலை செய்றவங்களை எப்படி நடத்துறாங்கங்குறதும் அதுல உண்டு. அந்த ஆடிட் அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எழுதுனாலே ஒரு மெயில் ஆச்சு.

வார்த்தையில ரொம்ப கவனம் வேணும். அமெரிக்காவுல விளம்பரத்தைக் கண்காணிக்குற எஃப்டிசிங்குற அரசு அமைப்போட க்ரீன் கைட்ஸ்ங்குற வழிகாட்டி வெறுமனே "ஈகோ ஃப்ரெண்ட்லி"ன்னு சொல்றதையே கூடாதுங்குது, எதுல, எவ்வளவுன்னு சொல்லணும். அப்புறம் "ஆர்கானிக் ஒயின்" வேற, "ஆர்கானிக் திராட்சையில செஞ்ச ஒயின்" வேற. மொதல்ல சொன்னதுல ஒயின் கெடாம இருக்கப் போடுற சல்ஃபைட் சேக்கவே கூடாது, ரெண்டாவதுல 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) வரைக்கும் இருக்கலாம். இதை மாத்தி எழுதுனா க்ளையன்டுக்குத்தான் தலைவலி, அதனால அனுப்புறதுக்கு முன்னாடி ஒயின் மேக்கர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்க.

டெக்னிக்கல் விஷயம் கொஞ்சம்தான். கீழ ஒயினரியோட போஸ்டல் அட்ரஸும் அன்சப்ஸ்க்ரைப் லிங்க்கும் கட்டாயம், விலகுறேன்னு சொன்னவங்களை 10 வேலை நாளுக்குள்ள எடுத்துரணும், அது கேன்-ஸ்பேம் சட்டம். மெயிலோட ஹெச்டிஎம்எல் கோடிங் 102 கேபி தாண்டுனா ஜிமெயில் பாதியில வெட்டிரும். எத்தனை பேர் மெயிலைத் திறந்தாங்கன்னு காட்டுற ஓப்பன் ரேட்டை ரொம்ப நம்பாதீங்க, 2021ல ஆப்பிள் மெயில்ல ப்ரைவசி வசதி வந்ததுல இருந்து திறக்காத மெயிலும் திறந்த மாதிரி காட்டும்.

நான் பாக்குறது ரிப்ளையைத்தான். அதனால நோ-ரிப்ளை அட்ரஸ்ல இருந்து அனுப்பவே மாட்டேன், கூகைக் கதைக்குக் கீழ 20 பர்சென்ட் தள்ளுபடி பட்டனும் வெக்க மாட்டேன், ஆஃபருக்கு தனி மெயில். வர்ற கேள்வியை எல்லாம் வெள்ளிக்கிழமை மேனேஜருக்கு அனுப்பிருவேன், அவர் டிராக்டர்ல இருந்துகிட்டே வாய்ஸ் நோட்ல பதில் சொல்லுவாரு, அடுத்த மாச மெயில் பெரும்பாலும் அதுல இருந்துதான் வரும்.