சொல் எல்லை: விளக்கத்தைத் திருத்தும் முன் கோடை (நிரலை) ஓட்டிப் பாருங்கள்

பினாங்கு பாயான் லெப்பாஸில் உரைப்பெட்டிக்கு, அதாவது பயனர் தட்டச்சு செய்யும் பெட்டிக்கு, கோடு எழுதும் வேலை என்னுடையது. மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் நான்கும் ஒரே பெட்டியில் வந்து விழும். சொல் எல்லை, அதாவது ஒரு சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று, கண்டுபிடிக்கும் ஃபங்ஷன்களின் மேலே இருக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதியவை. அவற்றைத் திருத்த நான் செய்வது இது.

'அடுத்த சொல்லுக்கு நகரும்' என்று இருந்தால் முதலில் அதைப் பிடியுங்கள். சொல்லின் தொடக்கத்துக்கா, முடிவுக்கா? விண்டோஸில் கண்ட்ரோலும் வலது அம்பும் தட்டினால் கர்சர் வழக்கமாக அடுத்த சொல்லின் தொடக்கத்தில் நிற்கும். மேக்கில் ஆப்ஷனும் அம்பும் தட்டினால் சொல்லின் முடிவில் நிற்கும். இரண்டும் சரிதான். உங்கள் கோடு எதைச் செய்கிறது என்று விளக்கம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு தமிழ் வரியைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். நான் வைத்திருப்பது 'பினாங்கு தண்ணீர்மலை'. கண்ணுக்குப் 'பினாங்கு' நான்கு எழுத்து. யூனிகோடில் 8 குறியீட்டுப் புள்ளிகள் (ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் தரும் எண்கள்), ஏனென்றால் இகரக் குறி, கால், புள்ளி, உகரக் குறி எல்லாம் தனித்தனி. அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் 24 பைட். ஆகவே 'எத்தனையாவது எழுத்து என்று தரும்' என்ற விளக்கம் தமிழுக்குப் பொய். எந்த அலகில் எண்ணுகிறது என்று எழுதுங்கள்.

இதே வரியைப் பைத்தானின் வழக்கமான ரெகெக்ஸிடம் (வடிவம் சொல்லித் தேடும் கருவி) கொடுத்து 'பின்சாய்வு டபிள்யூ, கூட்டல்' (\w+, சொல்லெழுத்துகளின் தொடர்) என்று தேடச் சொன்னால் 'பினாங்கு' ப, ன, ங, க என்று நான்கு துண்டாகும். உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் சொல் எல்லையைத் தேடும் 'பின்சாய்வு பி' (\b) தமிழ் வரியில் எங்குமே நிற்காது. அதற்கு ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு மட்டும்தான் தெரியும். கோடு இந்த வகையில் எழுதியிருந்தால் 'எல்லா மொழிக்கும் வேலை செய்யும்' என்ற வாக்கியத்தை நீக்கிவிடுங்கள். உரையைச் சொற்களாகப் பிரிக்கும் விதிகளைச் சொல்லும் யூனிகோட் இணைப்பு 29இன்படி நடந்தால், குறிகள் முன்னெழுத்தோடு ஒட்டிச் சொல் முழுதாக வரும். ஜாவாஸ்கிரிப்டின் இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) அந்த வழியில்தான் போகிறது. ஆனால் அது இடைவெளியையும் நிறுத்தக்குறியையும்கூடத் துண்டாகத் தரும். அதை வடிகட்டுகிறீர்களா என்பதும் விளக்கத்தில் வேண்டும்.

இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனி வம்பு: 'கானாக்-கானாக்' மாதிரி இரட்டித்து எழுதும் மலாய்ச் சொற்கள். இணைப்பு 29 நடுக்கோட்டில் வெட்டிவிடும். மலாய் வாசகர் ஒரே சொல்லாகத்தான் பார்ப்பார். சொல் எண்ணும் ஃபங்ஷன் என்றால் இதை விளக்கத்தில் ஒரு வரியாவது குறிப்பிடுங்கள், பின்னால் பிழைப் புகார் வராது.

சரி, இனி எழுதலாம். பழையது: 'சொல்லின் எல்லையைத் தரும்.' நான் போடுவது: 'கொடுத்த இடத்துக்குப் பின் வரும் முதல் சொல் முடிவைத் தரும். முடிவு என்பது கடைசிக் குறியீட்டுப் புள்ளிக்கு அடுத்த இடம். அதற்குப் பின் சொல் இல்லையென்றால் உரையின் நீளத்தைத் தரும். பினாங்கு தண்ணீர்மலை என்ற உரையில் 0 கொடுத்தால் 8, 8 கொடுத்தால் 19, 19 கொடுத்தால் 19.' காலி உரைக்கு என்ன வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

பைத்தான் என்றால் அந்த உதாரணங்களை டாக்டெஸ்ட்டாகவே, அதாவது விளக்கத்துக்குள்ளேயே ஓடும் டெஸ்ட்டாக, எழுதிவிடலாம். நாளை யாராவது கோடை மாற்றினால் டெஸ்ட் உடைந்து, விளக்கம் பழசாகிவிட்டது என்று தானே காட்டிக்கொடுக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது கோடிலேயே பிழை இருப்பது தெரிந்தால், விளக்கத் திருத்தத்தோடு அதைக் கலக்காதீர்கள். விளக்கத்தை இன்றைய நடத்தைக்கு ஏற்ப எழுதி ஒரு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை), கோடுக்கு இன்னொன்று.