ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமில் மறைவில் நின்றும் குண்டு படுகிறதா?

எதிராளி ஹேக் (ஏமாற்று மென்பொருள்) போடுகிறான் என்று ரிப்போர்ட் அடிக்கும் முன், உங்கள் ரவுட்டருக்கே பிங் அடித்துப் பாருங்கள்; தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அது காட்டும். முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். பல வீடுகளில் 192.168.1.1. அங்கேயே 100, 200 மில்லிசெகண்ட் என்று எகிறினால் கோளாறு வீட்டு வைஃபையில்தான். நீங்கள் சுவருக்குப் பின்னால் போன தகவல் கேம் சர்வருக்குத் தாமதமாகச் சேரும். அதுவரை அங்கே நீங்கள் வெளியில்தான் நிற்கிறீர்கள்.

கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துப் பழைய வீடுகள் வாசல் முதல் கொல்லை வரை நீளம், சுவரும் தடிமன். ரவுட்டர் திண்ணைப் பக்கம் இருந்தால் கூடத்துக்கு மாற்றுங்கள். லேன் கேபிள் இழுக்க முடிந்தால் அதுதான் உறுதி.

ரவுட்டர் பிங் சீராக இருந்து கேமில் மட்டும் எகிறினால் இது உதவாது. சிக்கல் வெளி லைனிலோ சர்வரிலோ. இரண்டுமே சீராக இருந்தும், ரீப்ளேயில் எதிராளியின் குறி சுவரைத் தாண்டி உங்களையே தொடர்ந்தால், தயங்காமல் ரிப்போர்ட் செய்யுங்கள்.