அமெரிக்காவில் வேலை மாறும் முன்: மதுரைக்காரர்களுக்கு ஒரு இன்ஷூரன்ஸ் கணக்கு

மதுரையில் வேலையை விடும்போது ஆஸ்பத்திரியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. எது இல்லாவிட்டாலும் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலோருக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் வேலை பார்க்கும் கம்பெனி வழியாகத்தான் வருகிறது. வேலை போனால் அதுவும் போகும். அதனால் புது ஆஃபர் வந்ததும் சம்பளத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிடாதீர்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். புது வேலையில் வருடத்துக்கு 10,000 டாலர் கூடுதல். வரி போக 7,000 நிற்கும் என்று வையுங்கள். பழைய கம்பெனி குடும்பத்துக்கான பிரீமியமாக மாதம் 200 டாலர் பிடித்தது, புதியது 700 பிடிக்கிறது என்றால் 6,000 அதிலேயே போய்விடும். டிடக்டிபிளும் (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் ஒவ்வொரு வருடமும் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை) 1,000இலிருந்து 4,000 ஆனால், ஒரு பிரசவமோ ஆபரேஷனோ வந்த வருடத்தில் கையில் இருப்பதும் போகும். ஆஃபரை ஏற்கும் முன்பே எச்ஆரிடம் பிளான் விவரத்தைக் கேளுங்கள். கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்ற கூச்சம் வேண்டாம். இங்கே எல்லோரும் கேட்பதுதான்.

மாறும் மாதமும் முக்கியம். பெரும்பாலான பிளான்களில் டிடக்டிபிள் ஜனவரியில் புதிதாகத் தொடங்கும். அக்டோபரில் மாறினால், அதுவரை கட்டித் தீர்த்தது பொதுவாகப் புது பிளானில் சேராது. சிகிச்சை பாதியில் இருந்தால், முடிந்தால் டிசம்பர் வரை பொறுங்கள்.

அப்புறம் இடைவெளி. சில கம்பெனிகளில் கடைசி வேலை நாளோடு இன்ஷூரன்ஸ் நிற்கும், சிலவற்றில் மாதக் கடைசி வரை ஓடும். புது இடத்தில் 90 நாள் வரை காக்க வைக்கச் சட்டம் இடம் தருகிறது. நடுவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்? அதற்குத்தான் கோப்ரா (COBRA) என்ற சட்டம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த கம்பெனி என்றால், வேலையை விட்டபின் பொதுவாக 18 மாதம் வரை பழைய பிளானையே தொடரலாம். ஆனால் கம்பெனி கட்டிய பங்கும் உங்கள் தலையில் விழும். மொத்தச் செலவில் 102 சதவீதம் வரை கேட்பார்கள். 2024இல் கம்பெனி வழிக் குடும்ப பிளானின் சராசரிச் செலவே வருடத்துக்கு 25,572 டாலர். ஆறுதலான விஷயம், முடிவெடுக்க 60 நாள் உண்டு. அதற்குள் சேர்ந்து விடுபட்ட பிரீமியத்தைக் கட்டினால், நின்ற நாளிலிருந்தே செல்லும். சின்ன இடைவெளியை இதை நம்பியே பலர் கடக்கிறார்கள்.

ஊர்ப் பழக்கத்தில் வரும் ஒரு பயத்தையும் சொல்ல வேண்டும். நம் ஊர் பாலிசிகளில் சுகர், பிரஷர் இருந்தால் சில வருடம் காத்திருக்கச் சொல்வார்கள். அதே நினைப்பில், மனைவி கர்ப்பமாக இருக்கிறார், எனக்குச் சுகர் இருக்கிறது என்று பிடிக்காத வேலையிலேயே கிடக்கிறார்கள். அமெரிக்காவில் 2014 முதல் கம்பெனி பிளான்கள் ஏற்கெனவே உள்ள நோயைக் காரணம் காட்டி மறுக்க முடியாது, கர்ப்பத்துக்கும் அப்படித்தான். தயவுசெய்து இந்தப் பயத்துக்காக கிடைக்கிற நல்ல வேலையை நழுவ விடாதீர்கள்.

அப்பா அம்மாவை இந்தக் கம்பெனி பிளான்களில் பொதுவாகச் சேர்க்க முடியாது. ஊரில் நீங்கள் பார்த்த வேலையின் குரூப் பாலிசியில் அவர்கள் இருந்திருந்தால், அந்த வேலையோடு அதுவும் போகும். இன்னும் மதுரையில் இருந்து கிளம்பாதவர்கள், அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனி பாலிசிக்கு அவர்களை மாற்றிவிட்டு, பாலிசி கைக்கு வந்தபின் ராஜினாமா கடிதம் கொடுங்கள்.