வீட்டுக்காக இ.பி.எஃப்.பில் 30 வீதம் எடுக்க: முதலில் பெயரைப் பாருங்கள்

ஓய்வு பெறும் வயது வரை காத்திராமல், வீட்டுக்காக இலங்கையின் இ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) மீதியில் 30 வீதம் வரை எடுக்கலாம், உச்சம் 20 இலட்சம் ரூபா. பத்து வருடப் பங்களிப்பு வேண்டும், கணக்கில் 3 இலட்சமாவது இருக்க வேண்டும். மீதி 20 இலட்சம் என்றால் கைக்கு 6 இலட்சம்.

முதல் வேலை, பழைய பி அட்டைகளை (இ.பி.எஃப். அங்கத்துவ அட்டைகளை) தேடி எடுப்பது. கம்பெனி மாறும்போதெல்லாம் புது அங்கத்தவர் இலக்கம் வரும். புறக்கோட்டையில் ஒன்று, கொள்ளுப்பிட்டியில் ஒன்று, இப்போதைய இடத்தில் ஒன்று என என்னிடம் மூன்று. ஒரு சி.ஆர். கொப்பியில் பக்கத்துக்கு ஒரு கம்பெனியாக, இலக்கங்களையும் சேர்ந்த, விலகிய திகதிகளையும் எழுதுங்கள். போனில் படம் எடுத்து வைப்பதைவிட இதுதான் நல்லது, கவுண்டரில் கேட்டவுடன் விரித்துக் காட்டலாம்.

அடுத்தது பெயர். இதில் அவசரப்படாதீர்கள், எனக்கு மாதக்கணக்கில் இழுத்தது இதுதான். நாம் அப்பாவின் பெயரை முன்னால் போடுகிறோம், இல்லையா? என் முதல் கம்பெனியில் அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்து, அப்பாவின் பெயரை முழுதாக எழுதி என் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். அடையாள அட்டையில் நான் ஒருவன், பி அட்டையில் வேறொருவன். போதாததற்கு ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்து அதிகம். கணக்குகளை ஒன்றுசேர்க்கப் போனபோதுதான் தெரிந்தது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பழைய கம்பெனியின் கடிதம் எல்லாம் கொடுத்துத் திருத்தினேன். அந்தக் கடிதத்துக்கே நான்கு தடவை அலைந்தேன். ஆகவே வேலையை விடும் நாளிலேயே பி அட்டையை ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள், அடையாள அட்டை இலக்கத்தையும்தான்.

அப்புறம் சம்பளச் சிட்டை. உங்களிடம் 8 வீதம் பிடித்தால் கம்பெனி 12 வீதம் போட வேண்டும். ஒரு இலட்சம் சம்பளத்துக்கு மாதம் 20,000. கணக்குக் கூற்றில் ஏதாவது மாதம் விடுபட்டிருந்தால் தயங்காமல் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள், அது உங்கள் உழைப்பு.

இவ்வளவும் சரி என்றால் நாரஹேன்பிட்டி தொழில் செயலகத்துக்குப் போகலாம். வீட்டுக் கடதாசிகள், காணி வாங்குவதா கட்டுவதா என்பதைப் பொறுத்து மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். நிதி மத்திய வங்கியில் இருந்தாலும் விண்ணப்பம் தொழில் திணைக்களத்துக்குத்தான்.

பிற்சேர்க்கை: இ.ரி.எஃப்.பும் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) இதில் சேருமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சேராது. அது கம்பெனி தனியாகப் போடும் 3 வீதம், வேறு சபை, வேறு விண்ணப்பம். வேலையை விட்டதும் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான்.